ரோதமுனிக்கு விசா எடுத்த கதை

1

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் முடிந்த அதே வாரத்தில் என் குட்டு உடையத் தொடங்கியது. ஊரில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நோர்வேயின் வடகரையில், பாதி வருடம் இருட்டும் வருடம் முழுக்க மீனுமாக இருக்கும் ஒரு சின்ன ஊர். அன்று மீன் ஆலையில் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல மூன்றாவது தடவையாகக் கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் நிலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். பதினாறு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேசச் சொன்னால் மட்டும் பல் வலி வந்தவளைப்போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

"அப்பா, பெரட்டு எண்டா என்ன?"

சோப்பு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு இந்த மலை, உனக்கு அந்த வேலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. இந்த நாட்டில் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டில்கூட.

"எங்க கேட்ட?"

கைபேசியை நீட்டினாள். தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், படிக்கட்டு. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கை முதுகில் போர்வைபோலத் தொங்கவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ஆள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் கனத்த தாளம். பக்கத்துக்கு ஒருவராக இன்னும் இரண்டு பேர்.

"ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். நோர்வே பிள்ளையளும் பாடுவினம்," என்றாள் நிலா. "இந்த ஆளுக்கு உங்கட மூக்கு."

மூக்கு எங்கள் அப்பாவுடையது. நடுவில் நின்றவன் என் தம்பி மூர்த்தி; அதை மட்டும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். சித்தப்பா இலங்கையில் போக்குவரத்துத் துறையில் இருக்கிறார் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவன் மலையகத்தில் நோர்வூட் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். இந்த நாட்டில் நான் சொன்ன விஷயங்கள் எல்லாம் ஏறக்குறைய இப்படிப்பட்டவைதான். பொய் என்றும் பிடிக்க முடியாது, உண்மை என்றும் எடுக்க முடியாது.

அப்பா செத்தபோது நான் போகவில்லை. என் தாள்களைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். போனால் திரும்ப முடியுமோ என்று பயம். அதற்குப் பிறகு மூர்த்தியும் நானும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாலு வார்த்தை பேசுவதோடு சரி. அதனால் அவன் முகத்தை என் மகள் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான்.

2

அந்தக் குழுவின் பெயர் 'ரோதமுனி சவுண்டு'. அது தொடங்கிய கதையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மூர்த்தியிடமே கேட்டேன்.

ரோதமுனி எங்கள் ஸ்டோரின் சாமி. தேயிலை அரைக்கும் பெரிய இயந்திரச் சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதைக் காவல் காக்கிற முனி. ஸ்டோர் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல், ஒரு சூலம். வருடத்துக்கு ஒரு கிடா, சாராயம், சுருட்டு. கொடுக்காவிட்டால் ரோதை நின்றுவிடும், அல்லது ஆள் பலி கேட்கும் என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமாரே கிடாவை நேரத்துக்கு அனுப்பி வைத்தார்களாம்.

குழு தொடங்கியதற்கு ஒரு மண்சரிவுதான் காரணம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து இசைக்குழு பேசியிருந்தார்கள். பொல்பிட்டிய பக்கம் ரோட்டில் மண் இறங்கி வண்டி அங்கேயே நின்றுவிட்டது. சனம் காத்திருக்கிறது. செருப்புத் தொலைத்தவர், ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தியவர் என்று அறிவிப்புச் சொல்வதற்கு மைக்கை மூர்த்தி கையில் கொடுத்திருந்தார்கள். சொல்ல வேண்டிய செருப்பெல்லாம் சொல்லி முடிந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஜெனரேட்டர் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த சத்தத்துக்கு வாய் தானா போயிருச்சுண்ணே," என்றான். "சாமிகளுக்குப் பெரட்டு வச்சா எப்புடி இருக்கும்னு தோணுச்சு. பேரு கூப்புட ஆரம்பிச்சேன்."

விடிஞ்சிருச்சு பெரட்டு, வரிசையில நில்லு,
சாமியா இருந்தாலும் பேரச் சொல்லு.
மாரியம்மா, மூணாம் நம்பர் மல, கொழுந்து.
முருகா, வேல வச்சிட்டுக் கத்திய எடு, கவ்வாத்து.
புள்ளையாரே, புள்ளக்காம்பரா, பால்மாவ பாத்து ஊத்து.
அந்தோனியாரே, காணாப் போனத எடுத்துக் குடு,
எங்க வீட்டு அட்ரஸயும் தேடிக் குடு.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை. புள்ளக்காம்பரா, அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம்.

மாரியம்மன் பேரைக் கூப்பிட்ட நேரம் பூசாரிக்குச் சாமி வந்திருந்தது. கூப்பிட்டதும் அவர், "வந்துட்டேன்," என்று பதில் சொன்னார். முருகன் என்றதும் காவடி எடுத்திருந்த ஒருவர், "இருக்கேன்," என்றார். பிள்ளையார் பேரைக் கூப்பிட்டதும், ஒருநாளும் சாமியாடாத தோட்டத்து லொறிச் சாரதி கையைத் தூக்கினார். ஆறாவது பேரில் ஆறு பேர் ஆடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பூசாரி ஆவேசத்தோடு மூர்த்தியின் முன்னால் வந்து, "எனக்கு மூணாம் நம்பர் வேணாம், அங்க அட்டைக்கடி கூட, வேற மலை குடு," என்று கேட்டாராம். கொடுத்தபிறகுதான் மலையேறினாராம். இதையெல்லாம் யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் சேர்ந்தார்கள். நோர்வூட் மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கும் அந்தோனி, மின்சார வேலைக்காரன். அவன் ஸ்டோருக்குள் போய் ரோதைச் சத்தத்தைப் பதிவுசெய்து தாளமாக்கினான். பாலர் பாடசாலை டீச்சர் செல்வராணி வரிகளை ஒழுங்குபடுத்தினாள். பெண் குரலில் வரும் மாரியம்மன் பதில்களும் அவளுடையவை. நானுஓயா தொடக்கம் எல்லாத் தோட்டத்துத் திருவிழாக்களுக்கும் கூப்பிட்டார்கள்.

புகழ் வந்ததும் முறைப்பாடும் வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கையெழுத்து வைத்து ஒரு மனு அனுப்பினார்கள்: எங்கள் சாமிக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை. மாதா கோயில் ஃபாதர் அந்தோனியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தோனியாருக்கு இதைவிடக் கொஞ்சம் மதிப்பான உத்தியோகம் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்தார். ரோதைச் சத்தம் தோட்டத்துக்குச் சொந்தம் என்று தோட்ட மேலாளரான ஒரு துரை கடிதம் கொடுத்தார். அடுத்த மாதம் அவரே பங்களாவில் விருந்துக்கு அவர்களைப் பாடக் கூப்பிட்டார்.

மூர்த்தி இதையெல்லாம் சிரிக்காமல் சொன்னான். கடைசியில், "முழுப் பாட்டு கேட்டீங்களாண்ணே?" என்றான். இல்லை என்றேன். "கேளுங்க," என்று வைத்துவிட்டான்.

கேட்டேன். மூன்றாவது சரணம் இது:

வருசா வருசம் கெடா வெட்டி வாசல்ல வச்சோம்,
வெரலு மூணு சேத்துக் கேட்ட, அதையும் வச்சோம்.
எங்கப்பன் பேரு கருப்பையா, ரோதைக்குத் தெரியும்,
நோர்வேக்குப் போன எங்கண்ணனுக்கும் தெரியும்.
கேட்டா அவன் கண்டிக்காரன்னு சொல்லுவானாம்,
பெரட்டுல பேரு கூப்புடு சாமி, வருவானாம்.

3

இங்கே எங்கள் ஊரில் உள்ள தமிழர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்துக்காரர்கள். நல்ல மனிதர்கள். வந்த புதிதில் ஒருவர், "எவடம்?" என்று கேட்டார். கண்டி என்றேன். நோர்வூட் என்றால் தேயிலைத் தோட்டத்து ஆள் என்று விளக்க வேண்டிவரும் என்று முதல் தடவை சொன்னேன். இரண்டாம் தடவை முதல் தடவை சொன்னதற்காகச் சொன்னேன். அப்பா என்ன செய்தவர் என்றார்கள். "ஃபாக்டரியில" என்றேன். ஒப்பீசர் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. ரோதைக்கு எண்ணெய் போடுகிறவர், வலது கையில் மூன்று விரல் இல்லாதவர் என்று பிறகு திருத்துவதற்குச் சரியான சந்தர்ப்பம் இருபது வருடமாக அமையவில்லை. "ஆமாங்க" மறைந்து "ஓம் அண்ணை" வந்தது. கோயில் சபைக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நோர்வே மொழியில் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான்தான்.

பழைய தளபாடக் கடையின் கீழ்த்தளத்தில்தான் கோயில். சபைத் தலைவர் பரமநாதன் அண்ணை வடமராட்சியில் கணித ஆசிரியராக இருந்தவர். மகோற்சவத்துக்கு ரோதமுனி சவுண்டைக் கூப்பிட வேண்டும் என்று இளையோர் ஒருமனதாகத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது என் மகள்.

தலைவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முதல் சரணத்தைக் கேட்டார்.

"சாமியளை வேலைக்கு அனுப்பினம்," என்றார். "ஆனா தாளம் பிழைக்கேல்லை. பிள்ளையள் கோயிலுக்கு வருவினமெண்டால் கூப்பிடுவம். உம்மட தம்பியெண்டு பிள்ளை சொன்னா?"

"ஓம் அண்ணை."

"கண்டியில இருந்தே வருகினம்?"

"அந்தப் பக்கம்தான்."

அன்றைக்கே மூர்த்திக்கு எடுத்தேன்.

"அந்த மூணாவது சரணத்த எடுத்துருடா."

"எடுத்தா பாட்டு நொண்டும்ணே."

"நான் கண்டின்னு சொன்னது உனக்கு யாருடா சொன்னா?"

"அண்ணிதான்."

நான்தான் ஊரோடு பேசுவதில்லை. என் மனைவி சுமதி வாரம் தவறாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாட்டு வந்த அன்றே அதையும் கேட்டிருக்கிறாள். அவளிடம் சண்டைக்குப் போனேன். "நீங்க சொன்ன பொய்ய நீங்களே பாத்துக்கங்க. எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல," என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

4

அழைப்புக் கடிதம் எழுத வேண்டியவன் நான். இங்கேதான் நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன்.

முதலில் விலாசம். விண்ணப்பத்தில் தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் கேட்டிருந்தது. மூர்த்திக்கு இரண்டும் கிடையாது. கீழ்ப்பிரிவு, எட்டாம் லயம், மூன்றாம் காம்பரா. லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், காம்பரா அதில் ஒரு அறை. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அதையே எழுதினேன். எட்டாம் லயம் என்பது எந்தத் தெருவில் இருக்கிறது என்று குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தெரு இல்லை, மலை இருக்கிறது என்று எழுதினேன். மலையின் இலக்கம் என்ன என்று கேட்டார்கள். மூன்று என்றேன். திருப்திப்பட்டார்கள்.

அடுத்தது, வருகையின் நோக்கம். இவர்கள் இசையோடு பிரார்த்தனைகள் வழங்குவார்கள் என்று எழுதியிருந்தேன். நோர்வே மொழியில் பிரார்த்தனைகளுக்குப் 'பொன்னர்'. போஞ்சிக்கும், அதாவது பீன்ஸுக்கும், 'பொன்னர்'. எழுத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அலுவலகத்தில் இருந்த யாரோ ஒருவர், தேயிலைத் தோட்டம், மலை, பிரிவு என்பதையெல்லாம் வாசித்துவிட்டு இதையும் வாசித்திருக்கிறார். கடிதம் வந்தது: மேற்படி போஞ்சி எவ்வளவு கொண்டுவரப்படும், பச்சையா உலர்ந்ததா?

ஒரு வரி எழுதித் திருத்தியிருக்கலாம். நான் திருத்தவில்லை. விசா மறுக்கப்பட்டால் மூர்த்தி வரமாட்டான், சரணமும் வராது, என்மேலும் பழியில்லை. உட்கார்ந்து நிதானமாக எழுதினேன்: 'பொன்னர் இல்லாமல் இந்த நிகழ்ச்சி இல்லை. பெருமளவில் இருக்கும். பச்சையாகவே வழங்கப்படும். வந்திருக்கும் அனைவரும் பெற்றுக்கொள்வார்கள்.'

தபாலில் போட்டுவிட்டு வரும்போது அப்பாவின் சாவுக்குப் போகாமல் இருந்த அந்த வாரம் ஞாபகம் வந்தது. அப்போதும் தாள்களைத்தான் காரணம் சொன்னேன்.

ஆறாம் வாரம் பதில் வந்தது. மூன்று பேருக்கும் விசா. நோக்கம் என்ற இடத்தில், 'வேளாண் விளைபொருள் நிகழ்ச்சியில் பங்கேற்கும் விவசாயத் தொழிலாளர்' என்று போட்டிருந்தது. கலைஞர் என்று எழுதியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார்களோ என்னவோ.

மூர்த்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"பரவால்லண்ணே," என்றான். "தாத்தா காலத்துல இருந்து அப்புடித்தான எழுதுறாங்க. மைக்கு புடிச்சா மட்டும் மாத்தவா போறாங்க."

விமான நிலையத்தில் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர்களை ஓரமாக அழைத்துப்போனார்கள். போஞ்சி எங்கே என்பதுதான் கேள்வி. அதிகாரி 'பொன்னர், பொன்னர்' என்று கேட்க, செல்வராணி கையில் இருந்த மொழிபெயர்ப்புக் கருவி அதைப் பிரார்த்தனை என்று சொல்லியிருக்கிறது. வெள்ளைக்காரர் சாமி கும்பிடச் சொல்லுகிறார் என்று நினைத்து மூவரும் பெட்டியைக் கீழே வைத்தார்கள். அந்தோனி வாயாலேயே ரோதைத் தாளம் போட்டான். மூர்த்தி பெரட்டு முழுவதையும் கூப்பிட்டான். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. அதிகாரியின் தலை மட்டும் மெதுவாக ஆடத் தொடங்கியது தெரிந்தது. பிறகு படிவத்தில் 'போஞ்சி: இல்லை' என்று எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார்.

காரில் வரும்போது பின்னால் இருந்த இருவரும் தூங்கிவிட்டார்கள். மூர்த்தி முன்னால் என் பக்கத்தில். அப்பாவின் மூக்கு. நரை விழுந்திருந்தது.

"விசா கெடைக்கக் கூடாதுன்னுதான் நான் அப்புடி எழுதுனேன்," என்றேன்.

"தெரியும்ணே. அண்ணி சொன்னாங்க."

வெளியே பனி. கொஞ்ச தூரம் போனபிறகு அவனே சொன்னான்: "மூணாவது சரணம் இங்க பாடல. ஊர்ல பாடிக்கிறோம். ஒங்க எடத்துல வந்து ஒங்கள நிக்க வச்சிப் பாடுறது மொறை இல்ல."

நன்றி என்று சொல்லத் தோன்றியது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

மகோற்சவத்தின் எட்டாம் நாள். அலுமாரி விற்ற கூடத்தில் அம்மனுக்குத் தீபாராதனை முடிந்ததும் மேடை. கோயிலுக்கு வராத பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். நோர்வேப் பிள்ளைகளும் காலுறையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நிலா முதல் வரிசையில். நான் பரமநாதன் அண்ணைக்குப் பக்கத்தில், செயலாளருக்குரிய நாற்காலியில்.

ரோதைச் சத்தம் ஒலிபெருக்கியில் கிளம்பியது. ஸ்டோர் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு அப்பாவுக்காக நின்ற நாட்களில் கேட்ட அதே சத்தம். மாரியம்மனுக்கு மலை கிடைத்தது. பிள்ளையார் புள்ளக்காம்பராவுக்குப் போனார். இரண்டாம் சரணமும் முடிந்தது.

மூர்த்தி மைக்கை இறக்கினான். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். தாளம் மட்டும் தனியாக ஓடியது. மூன்றாவது சரணத்துக்கு உரிய இடத்தை அவர்கள் வெட்டவில்லை, சும்மா விட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் பிள்ளைகள் பாடினார்கள்.

அவர்களுக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். மூர்த்தி மறந்துவிட்டான் என்று நினைத்து எடுத்துக்கொடுத்தார்கள். கூடம் முழுக்க, "வருசா வருசம் கெடா வெட்டி" என்று கிளம்பியது. எல்லாக் குரலுக்கும் மேலே நிலாவின் குரல். பல் வலி எதுவும் இல்லை. "எங்கப்பன் பேரு கருப்பையா" என்ற வரியை, எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை சொல்வதைப்போல அழுத்திச் சொன்னாள். கருப்பையா யார் என்று அவளுக்கு அப்போது தெரியாது; பாட்டில் வரும் அண்ணன் யார் என்றும் அதுவரை யோசித்ததில்லை. அவள் தாத்தாவின் பேர் கே. பிள்ளை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

"நோர்வேக்குப் போன எங்கண்ணனுக்கும் தெரியும்" என்று பாடும்போது அவள் குரல் பாதியில் நின்றது. திரும்பி மூர்த்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் கடைசி வரிவரை பாடி முடித்தார்கள். பெரட்டுல பேரு கூப்புடு சாமி, வருவானாம்.

பரமநாதன் அண்ணை கணக்கு வாத்தியார். இரண்டையும் இரண்டையும் கூட்ட அவருக்கு நேரமெடுக்கவில்லை.

"இது உம்மையோ சொல்லுகினம்?" என்றார், மெதுவாகத்தான்.

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பது உடம்பில் இருந்திருக்க வேண்டும். தாளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கேங்க," என்றேன். ஓம் அண்ணை வரவில்லை. "கருப்பையா எங்கப்பா. நோர்வூட் பக்கம் தோட்டம். ஆபீசர் இல்லைங்க. ரோதைக்கு எண்ண போட்டவரு."

பின்வரிசையில் ஒரு அம்மா எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துத் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டார். நெற்றியோடு மூக்கிலும் விழுந்து தும்மினேன். மூர்த்தி மைக்கை எடுத்து நாலாவது சரணத்தை ஆரம்பித்தான்.

அன்னதானத்தில் பரமநாதன் அண்ணை தன் தட்டோடு வந்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூண்டு விரலும் எந்தக் கை?" என்றார்.

"வலது கைங்க. நடுவிரல்ல இருந்து சுண்டு விரல் வரைக்கும்."

"அப்ப சோறு?"

"இடது கையால சாப்புட மாட்டேன்னுட்டாரு," என்றான் மூர்த்தி. "கரண்டியும் தொடல."

நிலா சோற்றைப் பிசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னோடு பேசுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எப்பிடிச் சாப்பிட்டவர்?" என்று கேட்டாள். முகம் சுளிக்காமல் தமிழில் கேட்டாள்.

நானும் மூர்த்தியும் ஒன்றாகவே கையை நீட்டி மூன்று விரலை மடக்கினோம். சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, ஆட்காட்டி விரலால் உருட்டி, பெருவிரலில் ஏற்றி, வாயைக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் வாங்கினோம். இருபது வருடம் பார்க்காதவனும் கூடவே இருந்தவனும் ஒரே மாதிரிச் செய்தோம். ஒரு பருக்கை சிந்தவில்லை.

நிலா மடக்கிப் பார்த்தாள். சோறு பாதி வழியில் விழுந்தது. அந்தோனி செய்தான். செல்வராணி செய்தாள். பரமநாதன் அண்ணை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு கணித நிறுவலைத் தொடங்குகிறவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு மூன்று விரலையும் மடக்கினார். சாம்பார் முழங்கைவரை ஓடியது.

"இப்பிடியோ?"

"இல்லைங்க," என்றேன். "பெருவிரல இன்னும் கொஞ்சம் உள்ள வைங்க."